வாசா கிட் வாங்கலாமா? பெட்டியில் நீலம், மியூசியத்தில் சிவப்பு

கேள்வி: எனக்கு வயது 46. கோவையில் டை மேக்கிங் (உலோக அச்சு செய்யும்) தொழில். கைவேலை பழக்கம் உண்டு, கப்பல் மாடல் மட்டும் கட்டியதில்லை. 1628-இல் மூழ்கிய ஸ்வீடன் போர்க்கப்பல் வாசாவின் 1:65 மரக் கிட்டை (அசலில் 65-இல் ஒரு பங்கு, பாகங்களாக வரும், நாமே கட்ட வேண்டும்) ஆன்லைனில் ஒருவர் 38,000 ரூபாய்க்குத் தருகிறார். "மியூசியம் வரைபடப்படி செய்தது, நூறு சதவீதம் வரலாற்றுத் துல்லியம், சான்றிதழும் உண்டு" என்கிறார். ஆனால் பெட்டிப் படத்தில் கப்பலின் பின்புறம் நீலமாக இருக்கிறது, ஸ்டாக்ஹோம் மியூசியத்தில் இருக்கும் மாதிரியில் சிவப்பு. எது சரி? வாங்கலாமா?

பதில்: சிவப்புதான் சரி. வாங்கலாமா என்றால், அந்த விலைக்கு அந்த ஆளிடம் வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு நீலம் காரணமே இல்லை. அதை முதலில் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த நீலத்தைப் பற்றித்தான்.

வாசாவை 1961 ஏப்ரல் 24 அன்று மேலே கொண்டுவந்தபோது 333 வருடம் தண்ணீருக்குள் இருந்த கப்பலில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெயின்ட் எதுவும் மிச்சமில்லை, எல்லாம் கறுத்த ஓக் மரம். அந்தக் காலத்து அரச கப்பல் என்றால் நீலப் பின்னணியில் தங்கம் பூசிய சிற்பங்கள்தானே இருந்திருக்கும் என்று ஆரம்பத்தில் ஆராய்ச்சியாளர்கள் நினைத்தார்கள், கிட் கம்பெனிகளும் அப்படியே அச்சடித்தன. 1990-களில் பீட்டர் டாங்கபெர்க் என்பவர் சிற்பங்களின் இடுக்குகளில் ஒட்டியிருந்த நிறத் துணுக்குகளைச் சோதித்துப் பார்த்தார். பின்னணி சிவப்பு என்று தெரிந்தது. சிற்பங்களும் மொத்தமாகத் தங்கமாக இல்லை. முகத்துக்குத் தோல் நிறம், உடைக்குப் பல வண்ணம், தங்கம் அங்கங்கே மட்டும். நம்ம ஊர்க் கோபுரத்துப் பொம்மைகளை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். மியூசியத்தில் இருக்கும் 1:10 மாதிரி இந்த ஆராய்ச்சிப்படி வண்ணம் தீட்டியது. இதெல்லாம் தெரிந்து எத்தனையோ வருடம் ஆகியும் பழைய பெட்டிப் படங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. படத்தை மாற்ற மாடலை மறுபடி கட்டி, மறுபடி போட்டோ எடுக்க வேண்டும், யாருக்கு அவசரம்?

ஆகவே நீலப் பெட்டி கிட் என்றாலே குப்பை என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். பெயின்ட் உங்கள் கையில் இருக்கிறது, ஒரு டப்பா நீலத்துக்குப் பதில் ஒரு டப்பா காவிச் சிவப்பு, அவ்வளவுதான் செலவு. உடல் வடிவம் தப்பாக இருந்தால் மாற்ற முடியாது, நிறம் தப்பாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் அப்பாவோ மாமாவோ 1970-களில் கட்டிய நீல வாசா ஒன்று வீட்டில் இருந்தால், தயவுசெய்து அதன்மேல் சிவப்பு அடிக்காதீர்கள். அது அந்தக் காலத்தில் தெரிந்த விஷயத்துக்கு நேர்மையான மாடல், அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அடியில் கட்டிய வருடத்தை எழுதி வைத்தால் போதும். இதைச் சொல்லக் காரணம், போன வருடம் ஒருவர் அப்படி அடித்துவிட்டு எனக்குப் போட்டோ அனுப்பினார். அப்பா கையால் வரைந்த தங்கக் கோடெல்லாம் போயே போய்விட்டது. அதனால் நீலம் தப்பு என்பது புதிதாகக் கட்டுகிறவருக்கான விதி, ஏற்கெனவே கட்டியதற்கு அல்ல. இதை எத்தனை தடவை சொல்வது என்று தெரியவில்லை.

சரி, இப்போது "நூறு சதவீதம் துல்லியம்".

17-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்த மாதிரிக் கப்பல்களை வரைபடம் வைத்துக் கட்டவில்லை. வாசாவை ஆரம்பித்த ஹென்ரிக் ஹுபெர்ட்ஸன் டச்சுக்காரர். நீளம், அகலம் என்று சில முக்கிய அளவுகள், அவற்றிலிருந்து கிடைக்கும் விகிதங்கள், அப்புறம் கண் திட்டம், இதுதான் அவர்கள் முறை. அவர் 1627-இல் இறந்துபோக, ஹெய்ன் யாக்கப்ஸன் முடித்தார். எனவே அந்தக் காலத்துக் கப்பலின் "அசல் வரைபடம்" என்று யாராவது விற்றால் அது பிற்காலத்தில் யாரோ யோசித்து வரைந்தது. இங்கிலாந்தின் சாவரின் ஆஃப் த சீஸ் (1637) எப்படி இருந்தது என்பதற்குப் பெரிய ஆதாரமே ஒரு செதுக்கு ஓவியமும், கட்டியவருடைய உருவப்படத்தில் பக்கத்தில் தெரியும் கப்பலின் பின்புறமும்தான். பிரான்சின் சோலேய் ரோயால் கிட்டுகள் பாரிஸ் மியூசியத்து மாடலைப் பார்த்துச் செய்தவை, அந்த மாடலோ 19-ஆம் நூற்றாண்டில் செய்தது. இந்த இரண்டுக்கும் "துல்லியம்" என்று பெட்டியில் போட்டால் யாராலும் தப்பு என்று நிரூபிக்க முடியாது, விற்கிறவர்களுக்கு அதுதான் வசதி.

வாசா அப்படி இல்லை. கப்பலே நிற்கிறது, 98 சதவீதம் அசல் மரம். அளந்து பார்க்கலாம், அளந்துமிருக்கிறார்கள். அளந்ததில் கிடைத்த வேடிக்கையைக் கேளுங்கள். கப்பலுக்குள் கிடைத்த அளவுகோல்களில் சில ஸ்வீடன் அடி, 12 அங்குலம். சில ஆம்ஸ்டர்டாம் அடி, 11 அங்குலம். ஆளுக்கொரு கோல் வைத்து வேலை பார்த்திருக்கிறார்கள். இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றுபோல் இல்லை, இடது பக்கத்தில் மரத்தின் கனம் கூடுதல். கிட்டில் இரண்டு பக்கமும் லேசரில் வெட்டிய மாதிரி, லேசரில்தானே வெட்டுகிறார்கள், ஒரே அச்சாக இருக்கும். நூறு சதவீதம் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. 1:65-இல் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, விட்டுவிடுங்கள். டை மேக்கர் என்பதால் உங்களுக்குக் கை அரிக்கும், இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சான்றிதழைப் பற்றி ஒரே வரி: வரலாற்றுத் துல்லியத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. அது அவர் வீட்டு பிரின்டரில் வந்தது.

இந்த இடைத்தரகர்கள் விஷயத்தில்தான் நான் ரொம்பச் சூடாகிவிடுவேன். கிட்டின் விளம்பரத்தில் போட்டிருக்கும் படம் பெரும்பாலும் அந்தக் கிட்டில் கட்டியதே இல்லை. யாரோ ஒரு ஐரோப்பியர் பல வருடம் உட்கார்ந்து தனியாகச் செதுக்கிய மாடல், இல்லையென்றால் மியூசியத்தின் மாதிரியே. நகல் கிட்டுகள் அதைவிட மோசம். பழைய கம்பெனியின் வரைபடத்தை ஸ்கேன் செய்து, மட்டமான பிளைவுட்டில் வெட்டி, வேறு பெட்டியில் போட்டு விற்பார்கள். நானே ஒருமுறை ஏமாந்தேன். எனக்கு வந்த வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது அளவு சுருங்கிவிட்டிருந்தது, கப்பலின் உருவத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் சுருங்கவில்லை, ஆகவே அந்த வரைபடப்படி வெட்டிய தளம் எந்தச் சட்டத்திலும் உட்காரவில்லை. விற்றவரிடம் கேட்டால் "கொஞ்சம் ராவிக்கோங்க சார்" என்றார். தயாராகக் கட்டி விற்கும் ஷோபீஸ் கப்பல்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஒரே உடல்தான், பெயர்ப் பலகையை மட்டும் மாற்றுவார்கள். இன்று வாசா, நாளை பாட்டாவியா என்ற டச்சுக் கப்பல்.

உங்களுக்கு நுணுக்கமெல்லாம் வேண்டாம், படத்தைப் பார்த்தே பொய்யைப் பிடிக்கச் சில விஷயம் சொல்கிறேன். தளத்தின்மேல் திருப்புகிற சக்கரம் இருந்தால் அது 17-ஆம் நூற்றாண்டுக் கப்பலே இல்லை. சக்கரம் 1700-க்குப் பிறகு வந்தது, வாசாவில் சுக்கான் தண்டோடு பிணைத்த ஒரு செங்குத்துக் கம்பைப் பக்கவாட்டில் தள்ளித்தான் திருப்பினார்கள். அணியத்தில், அதாவது கப்பலின் முன்பக்கத்தில், முக்கோணப் பாய்கள் வரிசையாகத் தெரிந்தாலும் அதே கதைதான். வாசாவில் முன்னால் நீட்டிய மரத்தின் அடியில் ஒரு சதுரப் பாய், அதன் நுனியில் நிற்கும் குட்டிப் பாய்மரத்தில் இன்னொன்று, அவ்வளவே. பாயின் குறுக்கே வரிசையாகச் சின்னக் கயிறுகள் தொங்கினால் அதுவும் பிற்காலம். அப்புறம் செப்புத் தகடு. கிட்டோடு சேர்த்து "அடிப்பகுதிக்கு செப்பு டேப் செட், 4,000 ரூபாய் தான்" என்று உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது ஆங்கிலக் கடற்படை, 1761-இல். வாசா மூழ்கி 133 வருடம் கழித்து!

மரத்தைப் பற்றியும் ஒரு பொறி இருக்கிறது. "அசல் கப்பல் போலவே ஓக் மரத்தில் செய்தது" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஓக்கின் ரேகைகள் பெரியவை, 1:65-இல் பலகை ஒவ்வொன்றிலும் வாய்க்கால் வெட்டியது மாதிரி தெரியும். தேக்கும் அப்படித்தான். சின்ன அளவில் கட்டும்போது அசல் மரம்தான் பொய்யாகத் தெரியும், ரேகை தெரியாத மரம்தான் நிஜமாகத் தெரியும். சிற்பங்களை நீங்களே செதுக்கும் ஆசை வந்தால் வெட்பாலை மரம் தேடுங்கள், சென்னபட்டணத்து பொம்மைகள் செய்கிற வெளிர் மரம் அதுதான், ரேகை நெருக்கம், கத்திக்கு நன்றாக இணங்கும். கிட்டில் வரும் உலோகச் சிற்பங்கள் பெரும்பாலும் சப்பை முகமாக இருக்கும். வாசாவில் சிற்பங்களும் அலங்காரங்களும் சேர்ந்து சுமார் 700, அணியத்தில் மட்டும் ரோமானியச் சக்கரவர்த்திகள் 20 பேர் வரிசையாக நிற்கிறார்கள். உருகிய ஈயம் மாதிரி 20 முகம் நின்றால் எந்தச் சிவப்பும் காப்பாற்றாது.

கயிறு விஷயத்தில் எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. பழைய பட்டியல்களில் கயிற்றின் அளவு அங்குலத்தில் இருக்கும். அது குறுக்களவு அல்ல, சுற்றளவு. 6 அங்குலக் கயிறு என்றால் குறுக்கே 48 மில்லிமீட்டர்தான், 1:65-இல் முக்கால் மில்லிமீட்டர். இது தெரியாமல் அப்படியே கணக்குப் போட்டால் மூன்று மடங்கு தடித்த கயிறு வரும், கப்பல் தேர் வடத்தால் கட்டிய மாதிரி ஆகிவிடும். பாய்மரத்தைத் தாங்கும் நிலைக் கயிறுகள் தார் பூசிய கரும்பழுப்பு, இழுத்து விடும் கயிறுகள் வெளிர் நிறம். கிட்டில் வரும் மயிர் நீட்டிய பருத்தி நூலைத் தூக்கிப் போட்டுவிட்டு பாலியெஸ்டர் நூல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கலாமே என்று கேட்பீர்கள். வரவழைக்கலாம், பொறுமை இருந்தால். சுங்க வகைப்பாட்டில் அளவு குறைத்த மாதிரிகளும் பொம்மைகளும் ஒரே தலைப்பில் வருகின்றன, 9503. அந்தத் தலைப்புக்கு வரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70. போதாததற்கு 2021-லிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரைக் கட்டாயம் வேறு. அந்த விதி 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளுக்கானது, அதில் தப்பில்லை. ஆனால் 46 வயது ஆள் இரண்டு வருடம் உட்கார்ந்து கட்டப்போகும் போர்க்கப்பல் பொம்மை இல்லை என்று கவுன்டரில் இருப்பவருக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? ஒருவருக்கு ஒரு வாரத்தில் வருகிறது, இன்னொருவருக்குத் திரும்பிப் போகிறது, ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. இந்தக் குழப்பத்தைக் காட்டித்தான் உங்கள் ஆள் விலையை ஏற்றியிருக்கிறார். நேராக வாங்குவதாக இருந்தால் ஆர்டர் போடும் அன்றைக்கு வரி எவ்வளவு என்று பாருங்கள், பெட்டிமேல் "பெரியவர்களுக்கான மாடல் கிட், 14+" என்று இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஒருவேளை இந்த ஆளிடமே விலை பேசிப் பார்க்கிறீர்கள் என்றால் பெட்டிப் படம் வேண்டாம், மூன்று போட்டோ கேளுங்கள். வரைபடத்தின் மூலை, அதில் கம்பெனிப் பெயரும் வருடமும் இருக்கும். குறுக்குச் சட்டங்கள் வெட்டிய பிளைவுட் தாள். உலோகச் சிற்பங்கள், கிட்டத்தில் எடுத்தது. தயங்கினால் நகல் என்று முடிவு செய்துகொள்ளலாம்.

வாங்குவதற்கு முன்னால் வீட்டில் இடத்தையும் அளந்துவிடுங்கள். முன்னால் நீட்டிய மரம் உட்பட வாசா 69 மீட்டர் நீளம், உயரம் 52.5 மீட்டர். 1:65-இல் 106 சென்டிமீட்டர் நீளம், 81 உயரம். கண்ணாடிப் பெட்டி போடாவிட்டால் ஆறு மாதத்தில் கயிறெல்லாம் தூசி, பெட்டியோடு சேர்த்தால் ஹாலில் ஒரு பீரோவின் இடம் போய்விடும். 1:75 என்றால் 92-க்கு 70.

முதல் கப்பலாக வாசா வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கையைக் குறை சொல்லவில்லை. வாசாவின் அணியம் பானை வயிறு மாதிரி உருண்டது, பலகையை நனைத்து, சூடு காட்டி, ஒவ்வொன்றாகச் சீவி வளைக்க வேண்டும், இரும்பில் வேலை செய்த கைக்கு மரம் எங்கே முறியும் என்று தெரிய ஒரு படகாவது ஆகும். ஒரே பாய்மரம் உள்ள சின்ன டச்சுப் படகுக் கிட் ஒன்றில் மூன்று மாதம் செலவழியுங்கள். அதிலும் அதே உருண்ட அணியம்தான்.

பிறகு வாசாவுக்கு வரும்போது பாய்களைப் பற்றி மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். கப்பலுக்கு மொத்தம் பத்துப் பாய்கள், மூழ்கிய 1628 ஆகஸ்ட் 10 அன்று விரித்தது நான்கு, மீதி ஆறும் உள்ளே பாய் அறையில் அப்படியே கிடைத்தன. பத்தையும் விரித்த வாசாவை யாரும் பார்த்ததில்லை. நான் கட்டுவதாக இருந்தால் நான்கு மட்டும் விரிப்பேன், கிட்டில் வரும் தடித்த துணியில் இல்லை, உங்கள் வீட்டில் கிழிந்த பழைய மல் வேட்டி இருந்தால் அதில்.