பாஜக மாநிலம் மாநிலமாக ஜெயிக்கிறதே, இனி அதை அசைக்கவே முடியாதா?

ஜெயிக்கிறது, மறுக்கவில்லை. அசைக்கவே முடியாது என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

2024 அக்டோபர் 8, ஹரியானா வாக்கு எண்ணிக்கை. காலையிலேயே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். காங்கிரஸ் முன்னிலை என்றதும் தொண்டர்கள் ஜிலேபி கொடுக்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தலைகீழ். கடைசியில் பாஜக 48, காங்கிரஸ் 37. உடனே எல்லா சேனலிலும் 'சாணக்கிய தந்திரம்' பாட்டுதான். வாக்கு சதவீதம்? பாஜகவுக்கு 39.9, காங்கிரஸுக்கு 39.1. உச்சானா கலான் தொகுதியில் காங்கிரஸ் தோற்றது வெறும் 32 வாக்கில். அங்கே காங்கிரஸில் சீட் கிடைக்காத கோபத்தில் சுயேச்சையாக நின்றவர் வாங்கியது முப்பதாயிரத்துக்கும் மேல்! இது யாருடைய சாணக்கியம்?

ஆனால் ஒன்று: தேர்தலுக்கு ஏழு மாதம் முன்பே முதல்வர் மனோகர் லால் கட்டரை இறக்கி நயாப் சிங் சைனியை முதல்வராக்கியது சாமர்த்தியம்தான். பூத் வேலையிலும் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2025இல் டெல்லியை ஆம் ஆத்மியிடமிருந்து 48-22 என்று பிடித்ததும் பெரிய விஷயம்தான், ஆனால் வாக்கில் வித்தியாசம் இரண்டே சதவீதம்.

மகாராஷ்டிரா கதை வேறு. 2024 ஜூனில் மக்களவை முடிவு வந்தபோது 48 இடத்தில் பாஜக கூட்டணிக்கு 17தான். அந்த மாதம் முடிவதற்குள் மாநிலத்தை ஆண்ட அதே கூட்டணி அரசிடமிருந்து பெண்களுக்கு மாதம் 1500 ரூபாய் என்று அறிவிப்பு. நவம்பர் சட்டமன்றத் தேர்தலில் அந்தக் கூட்டணிக்கு 288க்கு 230. பீகாரிலும் தேர்தலை ஒட்டி பெண்கள் கணக்கில் 10,000 ரூபாய் விழுந்தது. இலவசங்களை 'ரேவடி' (எள்ளு மிட்டாய்) என்று 2022இல் கேலி செய்தவர் பிரதமர். பணம் கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை, தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லவும் முடியாது. கஜானா சாவி கையில் இருக்கும் எந்தக் கட்சியும் செய்யக்கூடிய வேலை இது என்கிறேன், அவ்வளவுதான்.

வாக்கு இயந்திரத்தில் தில்லுமுல்லு என்று சொல்லும் நண்பர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. கூட்டணிக் கணக்கைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பீகாரில் 2015இல் ஐக்கிய ஜனதா தளத்தின் நிதிஷ் குமார் எதிரணியில். பாஜக 157 தொகுதியில் நின்று 24 சதவீத வாக்கு வாங்கியது, கிடைத்தது 53 இடம். 2025இல் அதே நிதிஷ் பாஜக கூட்டணியில். 101 தொகுதியில் நின்று 20 சதவீதம்தான் வாங்கியது, ஆனால் 89 இடம்.