1,313 ஓட்டு

"ஐயா, போன வாரம் அந்தக் காலத்து பிரிட்டிஷ் எம்.பி. அத்தோல் டச்சஸ் (கோமகள்) பத்தி எழுதியிருந்தீங்க. 1935ல இந்தியாவுக்கு மாகாண சுயாட்சி குடுக்கற மசோதாவையே எதிர்த்தவங்க அவங்க. அவங்களை எதுக்கு இப்படிக் கொண்டாடணும்? 1938ல பதவியை விட்டுட்டு மறுபடி நின்னாங்க, ஜனங்க தோக்கடிச்சாங்க, தீர்ப்பு சொல்லியாச்சு. அப்புறம் பேச என்ன இருக்கு?"

தம்பி,

இந்தியா விஷயத்துல நீ சொல்றது சரிதான். பெண்களுக்கு ஓட்டுரிமையே வேணாம்னு ஒரு காலத்துல பேசினவங்களும் அவங்கதான், 1923ல ஸ்காட்லாந்துலேர்ந்து ஜெயிச்ச முதல் பெண் எம்.பி.யும் அவங்கதான். அதுல உன்னோட எனக்குச் சண்டை இல்ல. அந்த "தீர்ப்பு சொல்லியாச்சு" இருக்கே, அதைத்தான் என்னால தாங்க முடியல.

எதைப் பத்தின தீர்ப்புப்பா அது? ஹிட்லரோட புத்தகத்தை ஜெர்மன்லயே படிச்சுட்டு, இங்கிலீஷ் பதிப்புல ஆபத்தான பகுதியெல்லாம் வெட்டியிருக்காங்கன்னு கத்தினவங்க அவங்க. ஸ்பெயின் போர்லேர்ந்து கிட்டத்தட்ட 4,000 பாஸ்க் பகுதிக் குழந்தைங்களை 1937ல கப்பல்ல பிரிட்டனுக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டுல முன்னாடி நின்னவங்க. செப்டம்பர் 1938ல பிரதமர் சேம்பர்லேன் மியூனிக்ல செக் நாட்டுல ஒரு துண்டை ஹிட்லருக்கு வெட்டிக் குடுத்துட்டு வந்ததை இவங்க எதிர்த்தாங்க; சொந்தக் கன்சர்வேடிவ் கட்சி இவங்களை ஒதுக்கிட்டு வேற ஆளை நிறுத்த முடிவு பண்ணிடுச்சு. பேசாம மிச்ச நாளை எம்.பி.யாவே ஓட்டியிருக்கலாம். பண்ணல. ராஜினாமா பண்ணிட்டு, தன்னோட கின்ராஸ் மேற்கு பெர்த்ஷயர் தொகுதியிலயே இடைத்தேர்தல்ல சுயேச்சையா நின்னாங்க. சர்ச்சில் ஆதரிச்சுக் கடிதம் எழுதினாரே தவிர நேர்ல வந்து பேசல, அதை நான் இன்னும் மன்னிக்கல.

ஓட்டுப்பதிவு டிசம்பர் 21. கொட்டற பனி. அந்தப் பக்கம் கொஞ்ச நாள் வேலை பாத்தவன் நான், அதனால சொல்றேன். அந்தத் தொகுதியில இருக்கற கிரீஃப் ஊர்லேர்ந்து கிளம்பின பஸ் பனியில நின்னுபோய் ஒருநாள் ஒரு மைல் நடந்தேன், முக்கால் மணி நேரம் ஆச்சு, ஷூவுக்குள்ள பனி இறங்கி சாக்ஸ் விறைச்சுப்போய் விரல் இருக்கா இல்லையான்னே தெரியல, அந்த மாசத்துல மூன்றரை மணிக்கே இருட்டிடும் வேற. கார் இருக்கறவன் ஓட்டு போட்டுட்டு வந்துடுவான், மலையடிவாரத்துப் பண்ணையாள் எப்படிப் போவான்? அப்படியும் 10,495 பேர் அவங்களுக்குப் போட்டாங்க. கட்சி வேட்பாளர் ஸ்னாடனுக்கு 11,808. வித்தியாசம் வெறும் 1,313, இதைத்தான் நீ தீர்ப்புங்கற!

சரி, லட்சம் ஓட்டுல தோத்திருந்தாலும்தான் என்ன? ஓட்டு எண்ணினா யார் எம்.பி.ன்னு தெரியும், யார் சொன்னது உண்மைன்னு எப்படித் தெரியும்? 1939 மார்ச் 15ல ஹிட்லர் பிராகுக்குள்ள நுழைஞ்சான். எண்ணி முடிச்சு மூணு மாசம்கூட ஆகல. படிச்ச பையன் நீ, தோத்தவங்க சொன்னது தப்புன்னு இவ்வளவு சுலபமா எழுதறியே, அதுதான் வலிக்குது. கோவிச்சுக்காத, உன் மேல அக்கறை இருக்கறதாலதான் திட்டறேன்.

அவங்க அப்புறம் பார்லிமென்ட்டுக்குத் திரும்பவே இல்ல. அதே கின்ராஸ் மேற்கு பெர்த்ஷயர் தொகுதியில 1963ல இன்னொரு இடைத்தேர்தல் நடந்துச்சு. ஜெயிச்சது பிரதமர் அலெக் டக்ளஸ் ஹோம், 1938ல சேம்பர்லேனுக்கு உதவியாளரா மியூனிக் வரைக்கும் கூடப் போனவர். அதையும் தீர்ப்புன்னு எழுதுவியா?