கூரைக்கு நுரை அடித்தால் வங்கிக் கடன் தடைபடுமா?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்களுடையது முப்பது வருடப் பழைய ஓட்டு வீடு, இரண்டு மாடி டெரஸ் (வரிசை வீடு). பிற்பகலில் மேல்மாடி அறையில் உட்கார முடிவதில்லை. ஓட்டுக்கு அடியில் பியூ (பாலியூரித்தேன்) நுரை அடித்தால் சூடு வீட்டுக்குள் இறங்காது, வீட்டின் மதிப்பும் ஏறும் என்கிறார் ஒரு விற்பனையாளர். லண்டனில் இருக்கும் மகனோ, "இங்கே நுரை அடித்த வீட்டுக்குக் கடன் கிடைப்பதே கஷ்டம், வேண்டாம்ப்பா" என்கிறான். அடுத்த வருடம் மகளின் படிப்புக்காக வீட்டை ரீபைனான்ஸ் செய்ய, அதாவது வீட்டின்மேல் புதிதாகக் கடன் வாங்கிக் கூடுதல் பணம் எடுக்க எண்ணம். எனக்கு வயது 56. யார் சொல்வது சரி?

பதில்: மகன் சொல்வது அவர் இருக்கும் நாட்டுக்கு நிஜம். பிரிட்டனில் கூரைக்கு நுரை அடித்த வீடு என்றால் பல வங்கிகள் பின்வாங்குகின்றன. வயதானவர்கள் வீட்டை ஈடு வைத்துப் பணம் எடுக்கும் திட்டங்களில் கெடுபிடி இன்னும் அதிகம். இத்தனைக்கும் அரசாங்க மானியத்தில் நுரை அடித்துக்கொண்டவர்களும் அங்கே உண்டு.

காரணம் ஈரம். குளிர்நாட்டு வீட்டுக்குள்ளிருந்து எழும் ஈரக் காற்று மேலே போய்க் குளிர்ந்து, கூரையின் மரச்சட்டத்தில் நீராகப் படியும். காற்றோட்டம் இருந்தால் உலர்ந்துவிடும். நுரை அந்த வழியை அடைத்தால் மரம் உளுத்துப்போகலாம். உளுத்ததா இல்லையா என்று மதிப்பீட்டாளர் பார்க்கவும் முடியாது, சட்டமே நுரைக்குள் மறைந்திருக்கிறதே! பார்க்காத மரத்துக்கு அவர் கையெழுத்துப் போடமாட்டார். அந்தக் கையெழுத்து இல்லாமல் வங்கி பணம் தராது. கடைசியில் ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுத்து நுரையைச் சுரண்டி எடுக்கவேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பினாங்கில் குளிர்காலம் இல்லை, அந்தப் பயத்தை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம். ஆனால் மழையும் கரையானும் நமக்குத் தாராளம். ஓடு விரிசல் விட்டால் இப்போது சீலிங்கில் கறை தெரியும், ஆள் ஏறி அந்த ஓட்டை மட்டும் மாற்றிவிடுவார். கெட்டியான நுரை ஒட்டியபின் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பக்கத்து ஓடுகளோடு ஒட்டிக்கொண்ட ஒற்றை ஓட்டைக் கழற்றுவதும் லேசான வேலை இல்லை. புதிய வீடுகளில் பெரும்பாலும் இரும்புச் சட்டம். முப்பது வருட வீடு என்பதால் உங்களுடையது மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். கரையான் ஏறினாலும் கண்ணில் படாது.

மதிப்பு ஏறும் என்ற பேச்சை மட்டும் நான் நம்பவில்லை. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அதே வட்டாரத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விலை, நில அளவு, நிரந்தர உரிமையா குத்தகையா, வீட்டின் நிலை, இவற்றைத்தான் பார்ப்பார். ஓட்டுக்கு அடியில் உள்ளதற்குத் தனி விலை போடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். கூரையில் ஒழுகல் தெரிந்தால் குறைக்கத் தயங்கமாட்டார்.

நானாக இருந்தால் முதலில் ஒழுகலைச் சரிசெய்து, ரீபைனான்ஸை முடிப்பேன். சூடு தணிக்க, சீலிங்கின் மேல் ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு போன்ற விரிப்பு) விரித்தால் போதும். வேண்டாத நாளில் சுருட்டி எடுத்துவிடலாம், சட்டமும் திறந்தே இருக்கும். அலுமினியத் தாள் போடுவதென்றால் பளபளப்பான பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி விடச் சொல்லுங்கள். இடைவெளி இல்லாமல் எதிலாவது ஒட்டியிருந்தால் அது வெறும் தாள்தான். பளபளப்பு மேலே பார்த்தால் தூசி படிந்து பயன் குறையும், அதனால் கீழே பார்க்கட்டும்.

அப்புறம், கூரையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது கடனின் காலம். சொந்தச் செலவுக்கு வீட்டின்மேல் எடுக்கும் கூடுதல் தொகைக்கு, மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் 2013 விதிப்படி அதிகபட்சம் 10 ஆண்டுதான். 1,00,000 ரிங்கிட்டை 4 விழுக்காடு வட்டியில் எடுத்தால் மாதம் ஏறக்குறைய 1,012 ரிங்கிட் கட்டவேண்டும். வீட்டுக் கடன் போல 35 ஆண்டுக்கு இழுக்கலாம் என்று நினைத்திருந்தால் அதே தொகைக்கு 443தான் வரும். நீங்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு எது? 10 ஆண்டு என்றால் 66, 67 வயதுவரை தவணை ஓடும். சம்பளம் 60இல் நின்றுவிடும் வேலை என்றால், எஞ்சிய வருடங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை மகளோடும் உட்கார்ந்து பேசிவிட்டு வங்கிக்குப் போங்கள்.