ஐப்பசி மழையில் கோட்டிங் ஏன் நிறம் மாறுகிறது?

கடலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘புராஜெக்டுக்காகக் கண்ணாடிச் சில்லில் எதிரொளிப்பைக் குறைக்க நுண்துளை சிலிக்கா கோட்டிங் போட்டேன். கோடையில் எதிரொளிப்பே இல்லை, லேசான ஊதாதான் தெரிந்தது. ஐப்பசி பிறந்ததும் நீலமடித்து, கண்ணாடி மறுபடி பளபளக்கிறது. உரிந்துவிட்டதா?’

உரிந்திருக்காது. பெரும்பாலும் தண்ணீர் குடித்திருக்கும்.

வெறும் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு; கீழே வெறும் ‘எண்’) 1.52, ஒவ்வொரு பக்கமும் ஒளியில் 4 சதவீதத்துக்குச் சற்று மேலே திருப்பி அனுப்பும். ஒரே படலத்தால் இதை அடக்க அதன் எண் 1.23 பக்கம், அதாவது 1.52-இன் வர்க்கமூலமாக, இருக்க வேண்டும். கெட்டிப் படலங்களில் வழக்கமாகக் கைகொடுக்கும் மக்னீசியம் ஃபுளோரைடே 1.38-இல் நின்றுவிடுகிறது. அதனால்தான் 1.46 உள்ள சிலிக்காவில் பாதிக்குப் பாதி காற்றுத்துளை விட்டு 1.22-க்கு இறக்குகிறோம்.

துளை இருந்தால் ஊறும், சாம்பாரில் போட்ட இட்லி மாதிரி. இந்தத் துளைகள் சில நானோமீட்டர்தான் என்பதால் காற்றின் ஈரம் உள்ளே நீராகவே படிந்துவிடும், மழையில் நனையவே வேண்டாம். தண்ணீரின் எண் 1.33. துளை முழுக்க நிரம்பினால் படலம் 1.4-க்கு ஏறி, எதிரொளிப்பு 1.5 சதவீதத்தைத் தொடும். எதிரொளிப்பு குறைவாக இருக்கும் இடமும் பச்சையான 550 நானோமீட்டரிலிருந்து சிவப்பான 630 பக்கம் நகர்வதால் ஊதா நீலமாகிறது.

சரி, சோதித்துப் பாருங்கள். சில்லை 120 டிகிரியில் அரைமணி நேரம் வையுங்கள். ஊதா திரும்பினால் தண்ணீர்தான். திரும்பாவிட்டால் எண்ணெய் ஆவியைச் சந்தேகப்படுங்கள், அது இன்னும் மோசம்: எண்ணெயின் எண் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பதால் கோட்டிங் போட்டதே தெரியாமல் போகும். பிளாஸ்டிக்கிலிருந்து வரும் ஆவியால், பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தாலும் இது நடக்கும், கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

நிரந்தர வழி, சூடேற்றி உலர்த்திய சில்லை எச்.எம்.டி.எஸ். (ஹெக்ஸாமெத்தில்டைசிலசேன்) என்ற திரவத்தின் ஆவியில் ஒரு இரவு மூடி வைப்பது. துளைச் சுவரில் நீரை இழுக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளின் இடத்தில் நீர் ஒட்டாத மெத்தில் தொகுதிகள் உட்கார்ந்துகொள்ளும். தீப்பிடிக்கும் திரவம், அம்மோனியாவும் வரும், ஃபியூம் ஹுட் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டு) இல்லாமல் தொடாதீர்கள்.

அப்புறம், உப்புப் படிந்திருக்கிறதென்று துணியால் துடைத்துவிடாதீர்கள், கோட்டிங்கும் சேர்ந்து வந்துவிடும். சில்வர் பீச் காற்றில் நிற்கப்போகிற லென்ஸ் என்றால் வெளிப்பக்கத்துக்கு நான் மக்னீசியம் ஃபுளோரைடையே சொல்வேன், நுண்துளைப் படலம் மூடிய லென்ஸ் குழாயின் உள்ளே இருக்கட்டும். புராஜெக்டில் ஒவ்வொரு அளவீட்டுக்குப் பக்கத்திலும் அன்றைய ஈரப்பதத்தையும் எழுதுங்கள், வைவாவில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.