டார்ச்சுக்குச் சந்தா கட்டியவர்

கேள்வி: பழைய போனில் மேலிருந்து இழுத்தால் டார்ச் வரும். புதிய ஆண்ட்ராய்டு போனில் காணோம். 'இந்த மாடலில் கிடையாது' என்கிறார் கடைக்காரர். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். திரையின் மேல் விளிம்பிலிருந்து இரண்டு விரல்களால் கீழே இழுங்கள். டார்ச், வைஃபை போன்ற வசதிகளின் கட்டங்கள் முழுவதும் விரியும். ஓரத்தில் பென்சில் படம் இருக்கும். சில போன்களில் அது மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும். அதைத் தொட்டால், வெளியே விடாமல் வைத்திருக்கும் கட்டங்களும் தெரியும். டார்ச்சை அழுத்திப் பிடித்து முதல் வரிசைக்கு இழுத்து வையுங்கள். ஒரே இழுப்பில் கண்ணில் படுவது முதல் சில கட்டங்கள்தான். அன்றாடம் கை போவதற்கு மட்டும் அங்கே இடம் கொடுங்கள். கடைக்காரரிடம் இனி விலை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: 'மூன்று நாள் இலவசம்' என்று வந்த டார்ச் செயலியைப் போட்டேன். பிடிக்காமல் நீக்கிவிட்டேன். ஆனாலும் வாரந்தோறும் பணம் போகிறது. வீட்டில் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

பதில்: திட்டு வாங்க வேண்டியவர் நீங்கள் அல்ல. செயலியை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த நினைப்பை நம்பியே இந்த வியாபாரம் நடக்கிறது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். ஐபோன்காரர்களுக்கு அது செட்டிங்ஸில், அவர்கள் பெயருக்குள் இருக்கிறது. கடைசியாகப் பணம் போய் 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுளிடமே திரும்பக் கேட்கலாம். தாண்டிவிட்டால் செயலியை உருவாக்கியவருக்கு எழுதுங்கள், கேட்காமல் விடாதீர்கள்.

இதில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. டார்ச் கட்டம் ஐபோனில் 2013லும் ஆண்ட்ராய்டில் 2014லும் வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லித்தர பெட்டிக்குள் ஒரு கையேடு வைக்க மாட்டார்கள். சிம் எடுக்கும் ஊசி இருக்கும், உறை இருக்கும், பொடி எழுத்தில் எச்சரிக்கைத் தாள் இருக்கும். 'மேலிருந்து இழுத்துப் பாருங்கள்' என்ற ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரி இல்லாத இடத்தில்தான் இந்தச் செயலிகள் கடை விரிக்கின்றன. அனுமதி என்று சொல்லி நம் இருப்பிடத்தையும் தொடர்பு எண்களையும் கேட்கின்றன; விளக்கை ஏற்ற அவை எதற்கு? 2013லேயே ஒரு டார்ச் செயலி, பயனர்களின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக அமெரிக்காவில் வர்த்தக முறைகேடுகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷனிடம் சிக்கியது. வெளிச்சம் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

கேள்வி: ஐபோனில் இரவு வைஃபையை அணைக்கிறேன். காலையில் தானே எரிகிறது. போன் பழுதா?

பதில்: இல்லை. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 (ஐபோனின் இயங்குதளம்) முதல், இழுத்தால் விரியும் கட்டங்களில் உள்ள வைஃபை பொத்தான் இணைப்பைத் துண்டிக்குமே தவிர வைஃபையை அணைக்காது; காலை 5 மணிக்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும். செட்டிங்ஸுக்குள் போய் அணையுங்கள்.

கேள்வி: கேமராவைச் சட்டென்று திறக்க, போனில் ஒட்டும் தனிப் பொத்தான் வாங்கலாமா?

பதில்: ஹெட்போன் துளையில் செருகும் பொத்தான் ஒன்றை நானும் வாங்கினேன். ஒரு தட்டலுக்கு டார்ச், இரண்டுக்குக் கேமரா என்று ஒரு மாலை முழுக்க அமைத்தேன். சட்டைப்பையில் உராய்ந்து அதுவே படம் எடுத்தது. எல்லாம் துணியின் உட்புறம். அடுத்த போனில் அந்தத் துளையே இல்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானை இருமுறை அழுத்தினாலே கேமரா திறக்கும். ஐபோன் 8 முதலான மாடல்களில், ஐஓஎஸ் 14க்குக் குறையாமல் இருந்தால் முதுகைத் தட்டியே வேலை வாங்கலாம்: செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி, டச், பேக் டேப்.

கேள்வி: ரகசிய வசதிகளைத் திறக்கும் செயலி அக்செசிபிலிட்டி அனுமதி கேட்டது. படிக்காமல் கொடுத்துவிட்டேன். இப்போது வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது. வங்கி மீது புகார் செய்யலாமா?

பதில்: வங்கி மீதா? அந்த அனுமதி வாங்கிய செயலி உங்கள் திரையைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் செய்யும்; அதனால்தான் வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது. படிக்கவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அனுமதியைப் பறித்து, செயலியை நீக்கி, வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். இன்றைக்கே.

கேள்வி: ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, செயலி உருவாக்குவோருக்கான டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்துவிட்டேன். எதை மாற்றினால் போன் வேகமாகும்?

பதில்: அனிமேஷன் என்று வரும் மூன்று வரிகளை 0.5 ஆக்கினால் வேகமானதுபோல் தோன்றும். மற்றதைத் தொடாமல் மூடிவிடுங்கள்.