வயதானவர்களைப் பார்க்க வீட்டுக்கு வரச் சொன்னால் குடும்ப டாக்டர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

திமிர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளாதான், ஆனால் வீட்டில் பேச்சு, பேப்பர், டிவி எல்லாம் தமிழ். அம்மாயிக்கு 84 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து வாக்கர்தான். ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் எங்களுக்கு வேர்த்துவிடும், அவருக்கு அழுகை வந்துவிடும். இருபது வருடமாகப் பார்க்கிற டாக்டரிடம் "ஒரு நடை வீட்டுக்கு வந்துட்டுப் போங்க சார்" என்றால், "நான் வந்து என்ன பண்றது, கூட்டிட்டு வாங்க" என்பார்.

ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் அவரே மனம்விட்டுப் பேசினார். வீட்டில் ஈசிஜி கிடையாது, ஆக்சிஜன் கிடையாது. ஓர் ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால் பக்கத்தில் சாட்சிக்கு ஒரு நர்ஸ்கூட இல்லை. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்தே இந்தப் பயம் உண்டாம். அதைவிட, நாம் கூப்பிடுகிற நேரம்தான் அவருக்குப் பிரச்சினை. ராத்திரி பதினொரு மணிக்கு மூச்சு வாங்குகிறது என்று கூப்பிடுகிறோம். அப்போது தேவை ஆம்புலன்ஸ். அவர் கிளம்பி வருவதே வீண் தாமதம். இல்லையென்றால் எல்லாம் முடிந்தபிறகு சர்டிபிகேட்டுக்குக் கூப்பிடுகிறோம். அப்புறம் ஃபீஸ். அவருக்குக் கேட்கக் கூச்சம், நமக்கு எவ்வளவு என்று தெரியாது, அம்மா காபியைக் கொடுத்து நாலு தேங்காயைப் பையில் போட்டு அனுப்பிவிடுவார். (இதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்.)

சரி, ஒன்றுமே ஆகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், ஃபீஸ் இவ்வளவு என்று பேசினேன். வந்தார்.

வந்தவர் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவில்லை, மாத்திரையைக் காட்டச் சொன்னார். அம்மாயி பழைய பிஸ்கட் டின்னைக் கட்டிலில் கவிழ்த்தார். டாக்டர் அதில் இரண்டு அட்டையைத் தனியே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெயர் வேறு, கலர் வேறு, உள்ளே இரண்டும் அம்லோடிபின் என்கிற ஒரே பிபி மருந்து. ஒன்று அவர் எழுதியது, இன்னொன்று ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜில் கொடுத்தது. அம்மாயி மாதக்கணக்கில் இரண்டையும் முழுங்கியிருக்கிறார். அந்த மருந்து அதிகமானால் கால் வீங்குமாம். நாங்களோ கால் வீக்கத்துக்குக் கிட்னிதான் காரணம் என்று உப்பைக் குறைத்துக்கொண்டிருந்தோம்! உட்காரவைத்து பிபி பார்த்தார், நிற்கவைத்துப் பார்த்தார், நின்றதும் முப்பது புள்ளிக்கு மேல் இறங்கியது, தலைசுற்றி விழவைக்கக்கூடிய இறக்கம். பாத்ரூமுக்குப் போகிற வழியில் சுவரைத் தடவிப் பார்த்து, "ராத்திரி இங்க லைட் இல்லையா பாட்டி?" என்றார். ஒரு அட்டையை நிறுத்தியதில் இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. "என் ரூம்ல உட்கார்ந்திருந்தா இது எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரே தேதி சொல்கிறார்.

எல்லாவற்றுக்கும் டாக்டரே வரவேண்டும் என்றும் இல்லை. கேரளாவில் 2008-லேயே பாலியேட்டிவ் கேருக்கு, அதாவது தீராத நோயில் வேதனையைத் தணிக்கிற பராமரிப்புக்கு, அரசுக் கொள்கை வந்துவிட்டது. பஞ்சாயத்து மூலம் நர்ஸ் வீட்டுக்கு வந்து டியூப் மாற்றுவார், படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவார். கேன்சருக்கு மட்டும் இல்லை, முடியாமல் படுத்திருக்கிற வயதானவர்களுக்கும்தான். எங்கள் அம்மா "தெருவுல என்ன நினைப்பாங்க" என்று ஒரு வருடம் பெயர் கொடுக்கவிடவில்லை, அது வேறு கதை. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது, சித்திக்கு பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

உங்கள் டாக்டரையும் நல்லா இருக்கிற நாளில் கூப்பிட்டுப் பாருங்கள். அவர் வருகிறார் என்று மாத்திரை டப்பாவைச் சுத்தம் செய்து அடுக்கிவைக்காதீர்கள், பழையது காலாவதியானது எல்லாம் அப்படியே கிடக்கட்டும்.