மூன்று களம், ஒரே 40 நிமிடம்: பாடக்குறிப்பில் என்ன எழுதுவது?

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு, உயிரியல். வெங்காயத் தோல் செல்லைக் காட்டும் பாடத்துக்கு, உணர்வுசார் களத்தில் 'அறிவியல் மனப்பான்மை வளர்கிறது' என்று எழுதினேன். பேராசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். பின் என்னதான் எழுதுவது?

பதில்: அடித்தது சரி. பாடக்குறிப்பில் குறிக்கோள்களை மூன்று களமாகப் பிரித்து எழுதுகிறோம்: அறிவுசார் (அறிவு, சிந்தனை), உணர்வுசார் (மனப்பான்மை, ஈடுபாடு), உளஇயக்கம் (கைத்திறன்). மனப்பான்மை 40 நிமிடத்தில் வளராது; வளர்ந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மணி அடிப்பதற்குள் பார்த்தோ கேட்டோ உறுதிசெய்யக்கூடிய செயல்தான் குறிக்கோள்.

சஃப்ரனின் என்ற சாயம் இட்ட வெங்காயத் தோலைப் பள்ளி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்சுவரும் உட்கருவும் தெரியும். மைட்டோகாண்ட்ரியா தெரியாது. ஆனாலும் சில நோட்டுகளில் அது இருக்கும், பாடநூல் படத்தைப் பார்த்துப் போட்டது. உங்கள் உணர்வுசார் குறிக்கோள் அங்கேதான் கிடக்கிறது: 'லென்ஸில் தெரிந்ததை மட்டும் வரைகிறார், தெரியாததைத் தெரியவில்லை என்று குறிக்கிறார்.' சரிபார்க்க நோட்டைப் புரட்டினால் போதும். 1964-ல் கல்வியியலாளர் கிராத்வோலின் குழு இந்தக் களத்துக்கு ஐந்து படி வகுத்தது. ஒரு வகுப்புக்குள் முதல் இரண்டு, அதாவது கவனித்தலும் துலங்கலும் (பதில்வினை காட்டுவதும்), எட்டினாலே பெரிது.

உளஇயக்கக் களத்தில் 'சோதனை செய்கிறார்' என்று எழுதாதீர்கள். வேலை எங்கே கெடும் என்று பாருங்கள். தோல் தடிமனாக உரியும், மடியும். கவர் ஸ்லிப்பைத் தட்டையாகப் போட்டால் காற்றுக்குமிழி சிக்கும். அதையே பிள்ளைகள் செல் என்று வரைவார்கள். ஆகவே: 'உள்பக்க மெல்லிய தோலை மடிப்பின்றி உரித்து, கவர் ஸ்லிப்பை ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்கி, குமிழியில்லாமல் மூடுகிறார்.' இக்களத்துக்குப் படிநிலைப் பட்டியல் நூலுக்கு நூல் மாறும். மூன்று களப் பிரிவை முன்வைத்த ப்ளூம் குழு அதை எழுதவே இல்லை, பிறர் பின்னால் எழுதியவை. கல்லூரி சொல்லும் பட்டியலையே பின்பற்றுங்கள்.

அறிவுசார் களத்தில் 'அறிகிறார்' வேண்டாம். 'வெங்காயச் செல்லில் பசுங்கணிகம் ஏன் இல்லை என்று காரணம் கூறுகிறார்' என்று எழுதலாம்.

கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையிலும் டெலிகிராமிலும் விற்கும் ஆயத்தப் பாடக்குறிப்புகளை வாங்காதீர்கள். வினைச்சொல் பட்டியலை வெட்டி ஒட்டியிருப்பார்கள்: 'வரைகிறார்' என்றால் உளஇயக்கம், 'கூறுகிறார்' என்றால் அறிவு. களத்தைத் தீர்மானிப்பது வினைச்சொல் இல்லை. 'வரைகிறார்' மூன்றிலும் வரும். மூடிய புத்தகத்தோடு, நினைவிலிருந்து செல்லின் பாகங்களை வரைந்து குறித்தால் அது அறிவுசார். கூர்மையான பென்சிலில், ஒரே கோடாக, குறியீட்டுக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் வரைந்தால் உளஇயக்கம். பார்த்ததை மட்டும் வரைந்தால் உணர்வுசார். எதற்கு மதிப்பெண் போடப்போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், களம் தெரிந்துவிடும். புறத்தேர்வாளர் இதே கேள்வியைக் கேட்கும்போது, விலைக்கு வாங்கியவர் விழிப்பார்.

படிவத்தில் மூன்று கட்டம் இருக்கிறதென்று கட்டத்துக்கு மூன்றாக ஒன்பது குறிக்கோள் எழுதச் சொல்வார்கள். ஒன்பதையும் 40 நிமிடத்தில் எந்த ஆசிரியர் சோதித்தாராம்? கட்டம் நிரம்பினால் கையெழுத்து, அவ்வளவுதான் நடக்கிறது. இந்தப் பாடத்துக்கு நான்கு போதும்: அறிவுசார் இரண்டு, மற்றவற்றில் ஒவ்வொன்று. பேராசிரியர் கூடுதலாகக் கேட்டால், ஒவ்வொரு குறிக்கோளுக்கும் எதிரே சரிபார்க்கும் வழியையும் எழுதிக் காட்டுங்கள்: வாய்மொழி வினா, ஸ்லைடு, நோட்டு. எதிரே எழுத எதுவும் கிடைக்காத குறிக்கோளை அவரே அடிப்பார்.